எனக்கு ஒரு நாள் கிடைத்த 'ங்க'

மிளகாய் அரைத்த கல்லில் உடனே ராகியைப் போட்டால் என்ன ஆகும் என்று எனக்கு ஐந்து வயதிலேயே தெரியும். பள்ளிக்கூடத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை. அவர்கள் கேட்டது எனக்குத் தெரியவில்லை. எட்டாவதோடு நின்றுவிட்டேன்.

துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டை விட்டு உள்ளே போகும் வழியில் அப்பா மாவு மில் வைத்திருந்தார். எங்கள் பக்கம் மில் என்றால் அது பஞ்சு மில்தான். மாவு அரைக்கிற இடத்துக்கு மிசின் என்று பேர். "மிசினுக்குப் போய்ட்டு வாரேன்" என்று ஒருத்தி கிளம்பினால் எங்களிடம் வருகிறாள் என்று அர்த்தம். ஒரு மிசின், ஒரு மோட்டார், ஒரு பெல்ட். தகரக் கூரை. பின்னால் ஒரு அறையும் அடுப்படியும். அதுதான் வீடு. அப்பா, அம்மா, நான்.

அந்த ஒரு மிசினில்தான் எல்லாம். அரிசி, ராகி, கம்பு, கோதுமை, மல்லி, மஞ்சள், மிளகாய், சீயக்காய். ஒன்று முடிந்து வேறொன்று போடுவதற்கு முன் கல்லில் ஒட்டியிருக்கும் பழைய மாவை எடுக்க வேண்டும். அப்பா ஒரு படி நொய்யைப் போட்டுச் சும்மா ஓட்டுவார். இதைக் கல்லைக் கழுவுவது என்போம். தண்ணீர் கிடையாது, பேர் மட்டும் கழுவுவது. மிளகாய்க்குப் பிறகு என்றால் மூன்று படி நொய் போகும். அப்படியும் அடுத்து வருகிற மாவில் கொஞ்சம் காரம் நிற்கும். இடியாப்பம் காரமாக இருக்கிறது என்று யாராவது வந்து சொன்னால் அப்பா "ஆகட்டுங்க" என்பார். அதற்கு என்ன அர்த்தம் என்று வந்தவர்களுக்குத் தெரியாது. திரும்பிப் போய்விடுவார்கள்.

மோட்டாருக்கு மூன்று பேஸ் கரண்ட் வேண்டும். அது ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்தான் வரும். ஒரு வாரம் காலையில், ஒரு வாரம் மதியத்துக்கு மேல். மற்ற நேரத்தில் லைட் எரியும், மோட்டார் முனகும், ஓடாது. அந்த ஆறு மணி நேரத்தில் அப்பா தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். முடியும்போது அவர் புருவம் வெளுத்திருக்கும். மிளகாய் நிறைய வந்த நாளில் சிவந்திருக்கும். எவ்வளவு ஓடினாலும் கரண்ட் போகும்போது நாலைந்து டப்பா அரைபடாமல் நிற்கும். அதன் சொந்தக்காரிகள் நாளைக்கு வர வேண்டும். அப்பா ஒவ்வொருத்தரிடமும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்.

அப்பாவுக்கு ஒரே ஒரு சட்டம். வந்த வரிசை. வாசலில் இருந்து மிசின் வரைக்கும் டப்பாக்கள் நிற்கும். எண்ணெய் டின், தூக்குப் போசி, பிளாஸ்டிக் வாளி, துணிப்பை. ஆள் நிற்க வேண்டியதில்லை. டப்பா நின்றால் போதும். பெரிய தோட்டத்து வீட்டிலிருந்து ஓர் ஆள் சைக்கிளில் அரிசி டின் கொண்டுவருவார். அந்த டின்னுக்குப் பித்தளைப் பூட்டு உண்டு. அதுவும் கடைசியில்தான் நிற்கும். அந்த ஆள் முதலில் இரண்டு மூன்று தடவை முன்னால் வைத்துப் பார்த்தார். அப்பா தூக்கிப் பின்னால் வைத்தார். அப்புறம் அவரே பின்னால் வைக்கப் பழகிக்கொண்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் யாரிடம் பேசினாலும் ஒரு 'ங்க' சேரும். வாங்க, போங்க, இல்லீங்க, ஆமாங்க. வெளியூர்க்காரர்கள் நாங்கள் மரியாதைக்காரர்கள் என்பார்கள். ஆனால் பள்ளம் என்று நாங்கள் சொல்லும் ஓடைக்கு அந்தப் பக்கம் முப்பது வீடுகள் இருந்தன. தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள். அவர்களிடம் பேசும்போது மட்டும் ஊர்க்காரர்கள் பலரின் வாயில் அந்த 'ங்க' வராது. அறுபது வயதுக்காரரை ஆறு வயதுப் பையன் "வா, போ" என்பான். அப்பா மட்டும் எல்லாருக்கும் போட்டார். அம்மாவையும் என்னையும் தவிர.

அந்த முப்பது வீட்டில் ஒரு அக்கா இருந்தார். அப்பா அக்கா என்றதால் நானும் அக்கா என்றேன். அம்மாவைவிடப் பெரியவர். ஏழு மணிக்குக் களையெடுக்கத் தோட்டத்தில் நிற்க வேண்டும். அதனால் காலைக் கரண்ட் வாரம் என்றால் அவர் டப்பாதான் முதல் டப்பா. பழைய பால்பவுடர் டப்பா. மூடி தொலைந்துபோய் ஒரு துணியைச் சுற்றிச் சிவப்பு நூல் கட்டியிருப்பார். நான் எழுந்து பல் விளக்க வெளியே வந்தால், "மூக்கச் சிந்து கண்ணு, ஒழுகுது பாரு" என்பார். தலையில் ஒரு குட்டு வைப்பார். தோட்டத்து வீட்டு ஆட்கள் வந்தால் அவர் குரல் வேறாக மாறும். 'ங்க' நிறைய வரும். கண்ணு வராது.

தோட்டத்து வீட்டில் என் வயதில் ஒரு பெண் இருந்தாள். ஒன்பது வயது. அவளுக்கு எல்லாரும் 'ங்க' போட்டார்கள். எனக்கு ஒருவரும் போட்டதில்லை. எனக்கு அது வேண்டும் என்று இருந்தது.

அந்த வருடம் பஸ் ஸ்டாப் பக்கத்தில் புதிதாக ஒரு மாவு மில் கட்ட ஆரம்பித்தார்கள். சிமெண்டுக் கூரை. இரண்டு மிசின். மிளகாய்க்குத் தனி, அரிசிக்குத் தனி என்று பேச்சு. அம்மா தினமும் தண்ணீர் எடுக்கப் போகும்போது சுவர் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து சொல்வார்.

"சன்னல் வரைக்கும் வந்துபோச்சு."

அப்பா, "ஆகட்டும்" என்பார்.

"அவன் தெறந்தா நாம மூட வேண்டியதுதான்."

அப்பா எழுந்து பெல்ட்டைத் தொட்டுப் பார்க்கப் போய்விடுவார்.

அப்போதுதான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை. கம்பெனியில் அவரை மூன்று நாள் வகுப்பில் உட்கார வைத்திருந்தார்கள். வேலையைச் சுலபமாகச் செய்வது எப்படி என்று. முடிவில் ஒரு பேனாவும் ஒரு டயரியும் கொடுத்திருந்தார்கள். டயரிக்கு ரெக்சின் அட்டை. அந்த டயரி வந்ததிலிருந்து மாமா நடப்பதே மாறிப்போனது. கக்கத்தில் அதை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்து நடந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க நொய் மூட்டை மேல் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து டயரியில் எழுதினார். கரண்ட் போனதும் டயரியிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"மச்சா, இன்னைக்கு எத்தன தடவ கல்லக் கழுவுனீங்கன்னு தெரியுங்களா?"

"எண்ணுலீங்க மாப்ளே."

"பதினோரு தடவ."

"செரி."

"செரின்னா எப்படிங்க? ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெறும் நொய்ய ஓட்டியிருக்கறீங்க. கரண்டு போச்சு, நொய்யி போச்சு, உங்க இடுப்பு போச்சு."

அம்மா உள்ளேயிருந்து சொன்னார். "எல்லாம் போச்சு, நீ இன்னும் போகுல. மூட்டைய உட்டு எந்திரி, நான் கட்டோணும்."

மாமா எழுந்திருக்காமல் பேசினார். "கஷ்டப்பட்டு வேலை செய்யறது ஒண்ணுங்க, ரோசன பண்ணி வேலை செய்யறது ஒண்ணுங்க. மூணு நாளும் இதத்தான் சொன்னாங்க."

"இதுக்கு மூணு நாளா?" என்றார் அம்மா.

மாமாவின் கணக்கு எளிதானது. மிளகாயை எல்லாம் சேர்த்துக் கடைசியில் அரைக்க வேண்டும். முதலில் அரிசி, அடுத்து கோதுமை, ராகி, கம்பு, மல்லி, மஞ்சள், பிறகு மிளகாய், எல்லாவற்றுக்கும் பின்னால் சீயக்காய். வெள்ளையில் ஆரம்பித்துக் கறுப்பில் முடிப்பது. கல்லைக் கழுவுகிற வேலையே அநேகமாக இருக்காது. ஆறு மணி நேரத்து வேலை நாலு மணி நேரத்தில் முடியும். எல்லார் டப்பாவும் அன்றைக்கே அரைபடும். புது மில்காரன் இரண்டு மிசின் வைத்தாலும் ஒன்றும் பண்ண முடியாது.

எனக்கே விளங்கியது. அப்பா கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார். "வரிசைய மாத்த முடியாதுங்க மாப்ளே."

"ஏனுங்க?"

"முடியாது."

அவ்வளவுதான். மாமா டயரியை மூடினார். "ஒழைக்கறவங்களுக்கு ஒழைக்கறதுலயே ஒரு பெரும" என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். அம்மாவும் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

அடுத்த காலைக் கரண்ட் வாரம் வந்தது. வெள்ளிக்கிழமை அன்னூர்ப் பக்கம் ஒரு எழவு என்று செய்தி வந்தது. அப்பாவின் சொந்தம். அப்பா போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமைதான் திரும்ப முடியும். சனிக்கிழமை மிசினை மூடினால் டப்பாக்காரிகள் திட்டுவார்கள். மாமா லீவு போட்டுவிட்டு வந்தார். மிசின் ஓட்டுவது அவருக்குப் பெரிய காரியம் இல்லை. அப்பா போகும்போது பெல்ட்டைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வரிசையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

சனிக்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. விடியும்போதே மாமா என்னை எழுப்பினார்.

"இன்னைக்கு நீதான் மேனேஜரு. எந்திரி."

மேனேஜர் என்றால் டப்பாவின் மூடியைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து, அதன்படி இடம் மாற்றி வைக்க வேண்டும். மாமா சாக்பீஸால் தரையில் கோடு போட்டுக் கொடுத்தார். அரிசிக்கு ஒரு கட்டம், ராகிக்கு ஒரு கட்டம், கடைசியில் மிளகாய்க்கு ஒரு கட்டம். எனக்குக் கை பரபரத்தது. பெரியவர்களின் டப்பாவைத் தூக்குவது, நகர்த்துவது, "இது இங்கதான்" என்று சொல்வது. வகுப்பில் ஒரு நாளும் என்னை லீடராகப் போட்டதில்லை.

முதல் டப்பா அக்காவுடைய பால்பவுடர் டப்பா. வழக்கம்போல இருட்டிலேயே வந்து வைத்துவிட்டு வெளியே நின்றுகொண்டிருந்தார். நூலை அவிழ்த்துப் பார்த்தேன். மிளகாய். இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய்க் கடைசிக் கட்டத்தில் வைத்தேன். அவர் பார்த்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஏன் கண்ணு, அக்கட்டால கொண்டுபோயி வெச்சுப்போட்டே? நான்தான மொத வந்தேன்."

"மொளகா கடைசீலதான். இன்னைக்கு அப்படித்தான். நான்தான் மேனேஜரு" என்றேன்.

அப்போது தோட்டத்து வீட்டு ஆள் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பூட்டுப் போட்ட டின்னோடு வந்தார். வரிசையில் ஆறாவதோ ஏழாவதோ. மாமா எட்டிப் பார்த்து, "அரிசியா? முன்னால கொண்டா" என்றார். நான் அந்த டின்னை நகர்த்த முடியாமல் இழுத்தேன். அந்த ஆள் சிரித்துக்கொண்டே தூக்கி முதல் கட்டத்தில் வைத்தார். பால்பவுடர் டப்பா இருந்த இடம் அது.

அக்கா அந்த டின்னைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார்.

"ஆகட்டுங்க அம்மணி. பொறவு வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எனக்கு 'ங்க' போட்டாயிற்று. முதல் தடவை. அதுவும் ஒன்றுக்கு இரண்டாக. மேனேஜர் ஆனால் உடனே வருகிறது என்று தெரிந்துகொண்டேன்.

மாமா சொன்னது ஒன்றுகூடப் பிசகவில்லை. ஆறு மணிக்குக் கரண்ட் வந்தது. பத்தேகாலுக்கு எல்லா டப்பாவும் அரைபட்டுவிட்டன. மாவில் காரம் இல்லை. ஒரு டப்பாகூட நிற்கவில்லை. பெண்கள் ஆச்சரியப்பட்டார்கள். ஒருத்தி, "அட, சட்டியில கொழம்பு கொதிக்கறதுக்குள்ள மாவு வந்துபோச்சே" என்றாள். மாமா மோட்டாரை நிறுத்திவிட்டு, கரண்ட் இருக்கும்போதே நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். எங்கள் மிசின் கரண்ட் இருக்கும்போது சும்மா இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். அம்மா அவருக்கு முட்டை பொரித்துக் கொடுத்தார். மாமா சாப்பிட்டுக்கொண்டே டயரியில் எழுதினார்.

சீயக்காய்க்கு முன்னால் மிளகாய். மிளகாயில் கடைசி பால்பவுடர் டப்பா. அரைத்து, நூலைக் கட்டி அலமாரியில் வைத்தேன். சாயங்காலம் அக்கா வந்து எடுப்பார், இன்னொரு தடவை 'ங்க' போடுவார் என்று வாசலிலேயே இருந்தேன். வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. ராத்திரி அப்பா வந்தார். களைப்பாக இருந்தார். அம்மா எல்லாவற்றையும் சொன்னார். பத்தேகால் என்றபோது அப்பா நிமிர்ந்து பார்த்தார். "காரம் நிக்குலியா?" என்று கேட்டார். "நிக்குல" என்றார் அம்மா. அப்பா தலையை ஆட்டிவிட்டுப் படுத்துவிட்டார். அவர் ஒத்துக்கொண்டுவிட்டார் என்று அம்மா நினைத்தார்.

திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் வரிசை குட்டையாக இருந்தது. அப்பா வந்த வரிசைப்படிதான் அரைத்தார். அப்படியும் சீக்கிரம் முடிந்தது. வந்ததே பாதி. அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. புது மில் திறந்துவிட்டார்களா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கூரையே இன்னும் போடவில்லை.

"பள்ளத்துக்கு அந்தப் பக்கத்துல இருந்து ஒரு டப்பாகூட வருலீங்க" என்றார் அம்மா.

நான் பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்தேன். அப்பா மிசினில் கோதுமை போட்டுக்கொண்டிருந்தார். திரும்பி அலமாரியைப் பார்த்தார். பால்பவுடர் டப்பா அங்கேயே இருந்தது.

"இது எப்பத்திய டப்பா?"

"சனிக்கெழம வந்ததுப்பா" என்றேன். "மொத டப்பா. நான்தான் கடைசீல தூக்கி வெச்சேன்." அத்தோடு விடவில்லை. தோட்டத்து வீட்டு டின்னை அந்த இடத்தில் வைத்ததையும், எனக்கு 'ங்க' போட்டதையும் சேர்த்துச் சொன்னேன். அப்பாவுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று.

அப்பா மோட்டாரை நிறுத்தினார். கோதுமை பாதிதான் அரைபட்டிருந்தது. கரண்ட் இருந்தது. கோதுமைக்காரி, "ஏனுங்க, என்னாச்சுங்க?" என்று கத்தினாள். அப்பா, "சித்த இருங்க, வந்தர்றேன்" என்றார். துண்டால் தலையையும் கையையும் தட்டினார். டப்பாவை எடுத்துக்கொண்டார். என்னைப் பார்த்து, "வா" என்றார்.

பள்ளத்தில் தண்ணீர் கணுக்கால் அளவுதான். அப்பா எனக்காக நிற்காமல் இறங்கிப் போனார். நான் பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்தப் பக்கம் நான் அதுவரை போனதில்லை. வாசலில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவின் தலையில் இன்னும் மாவு இருந்தது, அதைப் பார்த்துத்தான் என்று நினைத்தேன்.

அக்காவுக்கு அன்றைக்கு வேலை இல்லை. வேப்ப மரத்தடியில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். எழுந்தார்.

"வாங்க. ஆள உட்டிருந்தா நானே வந்து எடுத்திருப்பனுங்களே."

அப்பா டப்பாவை நீட்டினார். "நான் ஊருல இல்லீங்க அக்கா."

"தெரியுமுங்க."

"தப்பு நடந்துபோச்சுங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அரைச்சுக் குடுத்தாங்க, அரைச்சதுதான."

அக்கா டப்பாவை வாங்கவில்லை. அப்பா கையில் பிடித்தபடி நின்றார். ஒரு கோழி வந்து அவர் காலடியில் கொத்தியது. அப்புறம் அப்பா, "குடிக்கத் தண்ணி குடுங்க அக்கா" என்றார். அக்கா ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனார். சொம்பைக் கொண்டுவந்தார். அப்பா முழுதும் குடித்தார். எனக்கும் தாகம். நானும் ஒரு சொம்பு குடித்தேன். சுற்றி நின்றவர்கள் நாங்கள் குடிப்பதையே பார்த்தார்கள்.

சொம்பை வாங்கி வைத்துவிட்டு அக்கா டப்பாவையும் வாங்கிக்கொண்டார். உட்கார்ந்து மறுபடியும் அவரைக்காய் உரித்தார்.

"உங்க மாப்ளே கணக்கு மெய்தானுங்க தம்பி, ஊரே பேசுது. எத்தன வருசமா நின்னு பாக்கறேன். மொளகா, அரிசி, மொளகா, அரிசின்னு மாத்தி மாத்திப் போட்டு நொய்யத்தான் அரைக்கறீங்க."

"என்னங்க பண்றது. வரிசையக் கலைக்க மாட்டனுங்க."

"கலைக்காதீங்க. மொளகாய்க்குன்னு தனியா ரெண்டு நாளு வெச்சுப்போடுங்க. அன்னைக்கு மொளகாக்காரிக மட்டும் வரட்டும். மத்த நாளு மாவு. எந்த நாளா இருந்தாலும் மொதல்ல வந்தவ மொதல்ல. எவ டப்பாவையும் எவளும் தொட வேண்டாம்."

அப்பா தலையைச் சொறிந்தார்.

"இத முன்னாலயே சொல்லியிருக்கலாமுல்லீங்க அக்கா?"

"நீங்க கேக்குலியேங்க தம்பி."

அப்பா சிரித்தார். அக்காவும் சிரித்தார். அவரைக்காய்த் தோலை என் மேல் வீசினார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்த 'ங்க' எப்போது வரும் என்று இருந்தது.

அன்று சாயங்காலம் ஒரு பழைய தகரத்தில் பெயிண்டால் எழுதினோம். அப்பாவுக்கு எழுத வராது, நான்தான் எழுதினேன். புதன், சனி மொளகா, மல்லி, மஞ்சள், சீயக்கா. மத்த நாளு மாவு. எங்கள் டீச்சர் அந்த வழியாகப் போகும்போது பார்த்துவிட்டு மிளகாய் என்று எழுத வேண்டும் என்றார். தகரத்தில் இடம் இல்லை. அப்படியே விட்டோம்.

அம்மா ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னார். பள்ளத்துக்கு அந்தப் பக்கத்துக்கு அப்பா தானே போய்ச் சொன்னார். இரண்டு மூன்று வாரம் குழப்பம் இருந்தது. புதன்கிழமை அரிசியோடு வந்தவர்களை அப்பா நாளைக்கு வரச் சொல்ல வேண்டும். கரண்ட் இருக்கும்போதே டப்பாக்காரிகளிடம் முதல் தடவையாக முடியாது என்று சொல்ல வேண்டும். அவருக்கு வரவில்லை. தகரத்தைக் காட்டிவிட்டுத் தலையைச் சொறிவார். பிறகு எல்லாரும் பழகிவிட்டார்கள். கரண்ட் போவதற்கு முன்னாலேயே வேலை முடிந்தது. அப்பா மத்தியானம் உட்கார்ந்து சாப்பிட்டார். என்ன செய்வது என்று தெரியாமல் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அம்மா அவரை அப்படி விடவில்லை, வெங்காயம் உரிக்க வைத்தார்.

புது மில் திறந்தது. இரண்டு மிசின், வாழைமரம், ரேடியோ செட். பத்து நாள் அங்கே கூட்டம். அங்கே யார் சத்தம் போடுகிறார்களோ அவர்கள் டப்பா முதலில் என்று சொன்னார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தார்கள். எல்லாரும் இல்லை. எங்களுக்குப் போதுமான அளவுக்கு வந்தார்கள். இப்போது அதே இடத்தில் நான் மிசின் ஓட்டுகிறேன். இரண்டு மிசின் இருக்கிறது. தகரத்தை எடுக்கவில்லை.

மாமா அடுத்த மாதம் வந்தார். தகரத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், டயரியில் நாலு பக்கம் எழுதினார். அதைக் கம்பெனியில் கொடுத்து ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர் பரிசு வாங்கினார். "நம்ம ஐடியாதானுங்க மச்சா" என்றார். அப்பா, "ஆகட்டுங்க மாப்ளே" என்றார். அம்மா மட்டும், "உன்ற ஐடியாவத்தான் நாங்க சனிக்கெழம பாத்தமே" என்றார். மாமா அந்தக் கேரியரை எங்களுக்கே கொடுத்துவிட்டார். அப்பா அதில் முறுக்கு வாங்கிப் போட்டு, புதன்கிழமை முதல் டப்பாவோடு சேர்த்துக் கொடுத்தனுப்பினார். கேரியர் திரும்பி வரவில்லை. அப்பா கேட்கவும் இல்லை.

நான் சொல்ல வந்தது இதற்கெல்லாம் முந்தின ஒரு புதன்கிழமையைப் பற்றி. முதல் மிளகாய் நாள். மறுபடியும் காலைக் கரண்ட் வந்திருந்த வாரம்.

விடியும் முன்னாலேயே எழுந்துவிட்டேன். தலை வாரி, பொட்டு வைத்து, மேனேஜர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு மிசின் பக்கத்தில் நின்றேன். பள்ளத்தில் தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டது. அக்கா வந்தார். அவர் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர். பால்பவுடர் டப்பாவை முதல் இடத்தில் வைத்தார். அப்பா, "வாங்க அக்கா" என்றார். நான் ஒரு அடி முன்னால் வந்து நின்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். தலையில் ஒரு குட்டு வைத்தார்.

"மிசினுக்குக் கிட்ட என்ன நிக்கறே? நெடி ஏறும், அக்கட்டால ஓடு கண்ணு."

நான் ஓடினேன். அடுப்படிக்குப் போய் அழுதேன். அம்மா நெடி ஏறிவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார். நெடி இல்லை, எனக்கு 'ங்க' போடவில்லை, அன்றைக்குப் போட்டார், இன்றைக்குப் போடவில்லை என்று விக்கி விக்கிச் சொன்னேன். அம்மா சிரித்துவிட்டு வெளியே போய் அப்பாவின் காதில் சொன்னார். மோட்டார் சத்தத்தில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அப்பா அடுப்படி வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தார். முகமெல்லாம் சிவப்பு, மிளகாய்ப்பொடி. கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவில் சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

எனக்குக் கிடைத்த ஒரே ஒரு 'ங்க' போய்விட்டது, இவர் சிரிக்கிறாரே என்று இருந்தது. அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை.